லிஃப்ட் சத்தத்துக்கு விழித்துக்கொள்ளும் பேரன்

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு வயது 14, படிவம் 2 படிக்கிறான். குடித்துவிட்டு வந்து அவனையும் அவன் அம்மாவையும் அடித்த மருமகன் வீட்டைவிட்டுப் போய் ஒரு வருடமாகிறது. அதற்குப் பிறகுதான் பையன் கெட்டுப்போனான். பள்ளிக்கு மட்டம், அடிதடி, ராத்திரியானால் பிளாட்டுக்குக் கீழே பெரிய பையன்களோடு பேச்சு. லிஃப்ட் கதவு சத்தம் கேட்டாலே தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். ரோத்தான் (பிரம்பு) எடுத்தால் சரியாகிவிடும் என்கிறான் என் மகன். என்ன செய்வது?
– ஒரு பாட்டி, செந்தூல்

பதில்: அம்மா, அந்த லிஃப்ட் சத்தத்திலேயே பாதி விஷயம் இருக்கிறது. அப்பா எப்போது வருவார், எப்படி வருவார் என்று வருடக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்த பிள்ளை. ஆள் போய்விட்டார், உடம்பு இன்னும் காவல் காக்கிறது. தூக்கம் கெட்டால் பாடம் ஏறாது. பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டாலே கை ஓங்கிவிடும். அடி விழும் வீட்டில் பிள்ளைகள் ஒடுங்கிக் கிடப்பார்கள். பயம் விலகிய பிறகுதான் அடக்கிவைத்தது வெளியே வரும். அதனால்தான் இப்போது கெட்டுப்போனதுபோல் தெரிகிறது.

ரோத்தான் வேண்டவே வேண்டாம். தாய்மாமனும் கை ஓங்கினால், வீட்டில் பயப்பட்டது சரிதான் என்று அவன் உடம்பு முடிவுகட்டிவிடும். கீழே இருக்கும் பையன்கள் சாப்பாடு வாங்கித் தருகிறார்கள், தினமும் அதே இடத்தில் இருக்கிறார்கள். குண்டர் கும்பலுக்கு ஆள் சேர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

அந்த நிச்சயத்தை வீடு தரவேண்டும். இரவு 8 மணிக்குச் சாப்பாடு என்றால் தினமும் 8 மணிதான். பிந்தி வந்தால் முதலில் “சாப்பிட்டியாய்யா?”, எங்கே போனாய் என்பதை மறுநாள் கேளுங்கள். கத்தும்போது புத்திமதி ஏறாது. அரை மணி நேரம் விடுங்கள், வாசலை மறித்து நிற்காதீர்கள். விதிகள் இரண்டோ மூன்றோ போதும், ஆனால் எல்லாப் பெரியவர்களும் ஒன்றையே சொல்லவேண்டும். வெளியிலிருந்து வருகிறவர் பூட்டைத் திறக்குமுன் “நான்தான்” என்று குரல் கொடுக்கட்டும்.

சில வாரங்களில் அவன் இன்னும் மோசமாக நடக்கலாம். நீங்களும் கைவிடுவீர்களா என்று சோதிக்கிறான். பல குடும்பங்கள் சோர்ந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். ஹவாயில் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எமி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் கவனித்தார்கள். மிகக் கடினமான சூழலில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்லபடியாக ஆளானார்கள். அவர்களுக்குத் துணையாக நிலையான பெரியவர் ஒருவராவது இருந்தார்; பல வீடுகளில் அது பாட்டியோ தாத்தாவோதான்.

மகளோடு போய்ப் பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். சுவரோரமாக, கதவு கண்ணில் படும் இடத்தில் அவனை உட்காரவைக்கச் சொல்லுங்கள். பிறகு கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) சிறார் மனநல மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இத்தகைய பாதிப்புக்கென்றே உள்ள பேச்சுச் சிகிச்சை வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள், அம்மாவும் கலந்துகொள்ளவேண்டும். முதலில் உடம்பை அமைதிப்படுத்தப் பழக்குவார்கள், நடந்ததைப் பேசுவது பிறகுதான். எனவே உறவினர் முன்னால் அவனைப் பழைய கதை சொல்லவைக்காதீர்கள்.

கட்டுக்கடங்காத பிள்ளை என்று சிறார் நீதிமன்றத்தில் எழுதிக்கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. அவசரப்படாதீர்கள், நீதிமன்றம் விடுதிக்கு அனுப்பினால் வீடே தன்னைத் தள்ளிவிட்டதாக நினைப்பான்.

கையைக் கீறிக்கொண்டாலோ, சாகவேண்டும் என்றாலோ அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மருமகன் திரும்பி வந்து கை வைத்தால் 999, அல்லது 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே உதவி எண் 15999. அந்த எண்ணைப் பேரனின் கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள்.