கையைக் கடிக்கும் மகன்: எப்படிக் குறித்து வைப்பது?

கேள்வி: சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறோம். ஆட்டிசம் உள்ள என் 6 வயது மகன் கோபம் வந்தால் தன் கையைக் கடித்துக்கொள்கிறான். தெரப்பிஸ்ட் இரண்டு வாரம் குறித்துவரச் சொன்னார். "நாள் முழுக்கக் கடிக்கிறான்" என்கிறார் மாமியார். பள்ளியிலோ "இரண்டு முறைதான்" என்கிறார்கள். யார் சொல்வதை எழுதுவது?

பதில்: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். கை வாயருகே போனாலே ஒருவருக்கு அது கடி. பல் தடம் விழுந்தால்தான் இன்னொருவருக்குக் கடி. அதனால் எது கடி என்பதை முதலில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்: "பல் தோலில் பட்டு அழுத்தினால் ஒரு முறை. வாயை எடுத்து 5 விநாடிக்குப் பிறகு மறுபடி கடித்தால் இன்னொரு முறை." அதையே ஆசிரியருக்கும் கொடுங்கள். "கோபம் வந்தால்" என்பதும் நம் ஊகம்தான்; கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

நாள் முழுக்க எண்ண யாராலும் முடியாது. பள்ளி விட்டு வந்ததும் அரை மணி, இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி போதும். சமைத்துக்கொண்டே பேனா தேட வேண்டாம். ஒரு பாக்கெட்டில் 10 காசு நாணயங்களைப் போட்டு, ஒவ்வொரு கடிக்கும் ஒன்றை மறு பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதும் முக்கியம்: அரை மணி நேரத்தில் 6 கடி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 12, மூன்று மணி நேரத்தில் 6 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2. கடிக்காத நாளில் பூஜ்யம் போடுங்கள். காலியாக விட்டால், அவன் கடிக்கவில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று தெரியாது. அழுகையும் இருந்து அது நீண்டுபோனால், அதை மட்டும் எண்ணாமல் எவ்வளவு நேரம் என்று ஸ்டாப்வாட்ச்சில் அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு கடிக்கும் முன் நடந்தது, கடி, பின் நடந்தது என்று தாளில் மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். "டிவியை அணைத்தேன், கடித்தான், மறுபடி போட்டேன்." அந்த மூன்றாவது கட்டத்தை எழுதப் பல பெற்றோர் தயங்குவார்கள், தங்கள் மேல் பழி வருமோ என்று. தயவுசெய்து மறைக்காதீர்கள். கடித்தால் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதை தெரப்பிஸ்ட் அங்கேதான் தேடுவார்.

ஒரு நாள் நீங்களும் மாமியாரும் ஒரே அரை மணியைத் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். ஒருவர் 8, மற்றவர் 10 என்றால் 80 சதவீத ஒற்றுமை, பொதுவாக ஏற்கலாம். அதற்குக் கீழே போனால் ஃபிரிட்ஜில் ஒட்டியதை இன்னும் தெளிவாக்குங்கள்.

தோல் கிழியும்படி கடித்தால் எண்ணுவதை விட்டுவிட்டுத் தடுங்கள். வலியைச் சொல்லத் தெரியாமலும் பிள்ளைகள் கடிப்பதுண்டு. அதனால் திடீரென்று கூடினால், இரண்டு வாரம் முடியட்டும் என்று இருக்காமல் பாலிகிளினிக்கில் காது, பல், மலச்சிக்கல் பார்த்துவிடுங்கள்.