மர்மோட் உடம்பு: கேள்வி பதில்

கோடை விடுமுறையில் நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து லடாக் போய்வந்த பலர், பாங்காங் ஏரிச் சாலையோரம் பார்த்த, வளை தோண்டி வாழும் மர்மோட் என்ற விலங்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் காட்டுயிர்க் கணக்கெடுப்பில் வேலை பார்த்தவன் என்பதால் பதில் சொல்கிறேன். உடலமைப்புதான் எனக்குப் பிடித்த பகுதி, அதற்கே அதிக இடம்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, இது பெருச்சாளி இனமா, கீரி இனமா?

இரண்டும் இல்லை, அணில் குடும்பம். பாபநாசம் மலையில் மரத்துக்கு மரம் தாவும் மலை அணிலுக்குச் சொந்தக்காரன். கீரி ஊன் தின்னும் பிராணி, இது முழுக்கப் புல் பூண்டு.

பாளையங்கோட்டை, ஆசிரியை: பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க அடையாளங்களை விரிவாகச் சொல்லுங்கள் சார்.

நல்ல கேள்வி மேடம். இமயமலை மர்மோட் பெரிய வீட்டுப் பூனை அளவு இருக்கும். உடம்பு 45 முதல் 67 சென்டிமீட்டர், வால் 12 முதல் 15தான். முதுகில் அடர் பழுப்பு, முகத்திலும் நெஞ்சிலும் மஞ்சள், காதும் கால்களும் செம்மஞ்சள். ரோமம் அடர்த்தியானது.

தலையைப் பக்கவாட்டில் பாருங்கள். கண் நல்ல மேலே, உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். வளை வாயில் முழுத் தலையையும் நீட்டாமலே சுற்றுமுற்றும், வானத்தையும் பார்த்துவிடும். கழுகு, ஓநாய், பனிச்சிறுத்தை எல்லாம் இதைப் பிடித்துத் தின்பவை.

முன்காலில் வேலை செய்யும் விரல் நாலுதான், கட்டைவிரல் குறுகிப் பேருக்கு இருக்கும். பின்காலில் ஐந்து. முன்கால் நகங்கள் தடித்து நீண்டவை. அந்த இறுகின மண்ணில் இரண்டு முதல் பத்து மீட்டர் ஆழம் வரை வளை தோண்டுவது இவற்றை வைத்துத்தான். தோள் சதை அதனால்தான் அவ்வளவு திரண்டிருக்கிறது.

பல் மொத்தம் 22. முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள். அவை ஆயுள் முழுக்க வளரும். கெட்டியான எனாமல் முன்பக்கம் மட்டும் இருப்பதால் பின்பக்கம் சீக்கிரம் தேயும், முனை தானாகவே கூராகிக்கொண்டே இருக்கும். கோரைப்பல் கிடையாது. அந்த இடம் வெறும் இடைவெளி.

வள்ளியூர்: ஒரு இடத்தில் 4 கிலோ என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 9 கிலோ. எது சரி?

இரண்டும் சரி. எந்த மாதத்தில் எடை போட்டார்கள் என்பதுதான் விஷயம். ஏறக்குறைய ஆறு மாதம் வளைக்குள் குடும்பமாகச் சேர்ந்து குளிர்கால உறக்கத்தில் கிடக்கிறது. வெளியே வரும்போது மெலிந்திருக்கும், கோடை முழுக்கத் தின்று செப்டம்பர் வாக்கில் வயிறு தரையில் உரச நடக்கும்.

அந்தக் கொழுப்பும் இரண்டு வகை. வெள்ளைக் கொழுப்பு சேமிப்பு. கழுத்து, தோள் பக்கம் இருக்கும் பழுப்புக் கொழுப்பு, உறக்கத்திலிருந்து எழும்போது உடம்பைச் சூடாக்குவது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மர்மோட்டில் அளந்து பார்த்திருக்கிறார்கள்: ஆழ்ந்த உறக்கத்தில் உடல் வெப்பம் 5 டிகிரி பக்கம் இறங்கிவிடுகிறது, இதயம் நிமிடத்துக்குச் சில தடவைதான் துடிக்கிறது. நமக்கு அந்த வெப்பத்தில் இதயம் நின்றுபோகும். மர்மோட்டின் இதயம் நிற்காமல் இருக்க, செடிகொடியிலிருந்து கிடைக்கும் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் உதவுகிறது.

தென்காசி: பிள்ளைகள் பிஸ்கட் கொடுத்தார்கள், கையால் வாங்கித் தின்றது. ஒன்றும் ஆகாதே?

கொடுக்காதீர்கள். மேலே சொன்னதைப் படியுங்கள்: எந்தத் தீனியைத் தின்று கொழுக்கிறது என்பது பனிக்காலத்தில் அதற்கு உயிர்ப் பிரச்சினை. புல்லைச் செரிக்கிற குடலில் மைதாவும் சர்க்கரையும் போய் என்ன செய்யும்? தவிர, பிளேக் கிருமி மர்மோட்டிலும் அதன் தெள்ளுப்பூச்சியிலும் இருக்கக்கூடியது. திபெத் பீடபூமியில் இதே இனம்தான் அதைச் சுமக்கிறது. 1910-11இல் மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேர் செத்தது, இன்னொரு மர்மோட் இனத்தைத் தோலுக்காக வேட்டையாடியதில் தொடங்கியது. போய்வந்து நாளாகியிருந்தால் பயப்பட வேண்டாம். இனிமேல் தொடக்கூட வேண்டாம்.

சங்கரன்கோவில்: பெரிய எலிதானே இது?

முதல் பதிலைப் பாருங்கள்.

கடையநல்லூர்: காது ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது?

குளிருக்கு. காது, வால், கால் நீண்டால் அதன் வழியே சூடு போகும். குளிர்ப் பிரதேசத்து விலங்குகளுக்கு இவை குட்டையாக இருக்கும் என்று 1877இல் ஆலன் என்பவர் சொன்னார். வளையில் நுழையவும் சின்னக் காதுதான் தோது.

சுந்தரனார் பல்கலைக்கழக மாணவர்: சார், அதே லடாக்கில் கம்பளி முயல் இருக்கிறதே. அதன் காது நீளம். ஆலன் விதி எங்கே போச்சு?

தம்பி, இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். முயலை முயலோடு ஒப்பிட வேண்டும். வடதுருவ முயலின் காது அமெரிக்கப் பாலைவன முயலின் காதைவிட ரொம்பச் சின்னது. விதி நிற்பது அங்கே. கம்பளி முயல் வளை தோண்டுவதில்லை, உறங்கிக் கிடப்பதுமில்லை. பனியிலும் வெட்டவெளியில் பதுங்கிக் கிடக்கிறது. ஓநாய் வருவதைக் கேட்கிற காது அதற்கு உயிர். மர்மோட்டுக்குக் கூட்டத்தில் யாராவது ஒருவர் நிமிர்ந்து நின்று சீழ்க்கை அடித்தால் போதும், எல்லாம் வளைக்குள்.

அதே மாணவர்: அப்படியென்றால் காதைத் தீர்மானிப்பது வளைதான், குளிர் இல்லை.

இரண்டையும் பிரிக்காதீர்கள். அதே மேட்டில் பிகா என்று முயலின் சின்ன உறவு இருக்கிறது. அது பனிக்காலத்தில் உறங்குவதில்லை, ஆனால் வளைவாசி. காது குட்டை, வட்டம். அது உங்கள் பக்கம் பேசும் சாட்சி, ஒப்புக்கொள்கிறேன்.

செங்கோட்டை: நடுவில் வருகிறேன் அண்ணாச்சி. குற்றாலத்து மலை அணில் காதும் சின்னதுதான். அங்கே குளிரும் இல்லை, வளையும் இல்லையே!

சரியான இடத்தில் பிடித்தீர்கள். காது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும். மலை அணிலின் வால் உடம்பளவு நீளம், கிளையில் நிலை தவறாமல் இருக்க அது வேண்டும். மர்மோட்டுக்குத் தாவ மரமே இல்லை, வால் குட்டையானாலும் நஷ்டமில்லை. குளிர், வாழிடம், எதிரி மூன்றும் சேர்ந்துதான் உடம்பைச் செய்கின்றன. மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று அந்தத் தம்பி ஆய்வே செய்யலாம்.

விக்கிரமசிங்கபுரம்: மாஞ்சோலைப் பக்கம் கரும்பழுப்பாய், தொண்டை மட்டும் மஞ்சளாய் ஒன்று மரத்தில் ஏறியது. மர்மோட்டா?

இல்லை. மர்மோட் நம் மலையில் கிடையாது. அது இருப்பது 3,500 மீட்டருக்கு மேல். தென்னிந்தியாவின் உயரமான சிகரம் ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். நீங்கள் சொல்லும் அடையாளம், மரமேறும் ஊனுண்ணியான நீலகிரி மார்ட்டனுடையது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருப்பது! தேதி, நேரம், இடம் குறித்து வனத்துறையிடம் கொடுங்கள்.

ராதாபுரம்: பிஸ்கட் வேண்டாம், வேர்க்கடலை கொடுக்கலாமா?

எதையும் கொடுக்காதீர்கள்.

களக்காடு: வீட்டில் வளர்க்க முடியுமா?

முடியாது. காட்டு விலங்கு, சட்டப்படி குற்றம்.

திசையன்விளை: கார்கிலுக்கு முன்னால் ட்ராஸ் பக்கம் எடுத்த படத்தில் வால் நீளமாக, நிறம் பொன்சிவப்பாக இருக்கிறது. வேறு இனமா?

ஆமாம், நீள்வால் மர்மோட். காஷ்மீர், ட்ராஸ், சுரு பள்ளத்தாக்குப் பக்கம் இதுதான். வால் 18 சென்டிமீட்டருக்கு மேல் போகும். பாங்காங் பக்கம் பார்த்த படத்தையும் பக்கத்தில் வைத்து வாலை மட்டும் ஒப்பிடுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.