பழைய இன்ஜினில் மூன்று சத்தம்: பிரிப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: என்னிடம் இருப்பது 1960-களில் வந்த 350 சிசி பைக். ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு பேரல், புஷ்ராட், பாயிண்ட் இக்னிஷன், ஆயில் டேங்க் தனி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல்பக்கம் டிக் டிக் என்று கேட்கிறது. சூடேறியதும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஐடிலில் நிற்கும்போது கிளட்ச் பக்கம் லொடலொடவென்று ஒரு சத்தம். டாப் கியரில் மேடு ஏறினால் சலசலவென்று இன்னொன்று. "பிக் எண்ட் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்" என்கிறார்கள். பிரித்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் ஒரு கோளாறு தெரியவில்லை, மூன்று தெரிகின்றன. மூன்றும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு நிலையில் வருகின்றன. மூன்றையும் சேர்த்து ஒரே சத்தமாகக் கேட்டால் எந்த மெக்கானிக்குக்கும் பிக் எண்ட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடின் கீழ்முனை பேரிங்) நினைவுதான் வரும். அந்தச் சந்தேகத்தையும் ஒதுக்கிவிடப் போவதில்லை. அதற்கான சோதனையைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் அதை உறுதி செய்ய இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை.

பழைய இன்ஜின் சத்தத்தில் "எங்கிருந்து வருகிறது" என்று தேடுவதற்கு முன் "எப்போது வருகிறது" என்று கேட்க வேண்டும். இரும்பும் அலுமினியமும் சத்தத்தைக் கடத்திக்கொண்டு போகும். கிராங்க்கேஸில் எழும் சத்தம் டேங்குக்கு அடியில் கேட்கும். இடத்தை நம்பினால் ஏமாறுவோம். குளிர்ந்திருக்கும்போதா, சூட்டிலா? ஐடிலிலா, சுமை ஏறும்போதா, ஆக்சிலரேட்டரை விட்டதுமா? கிளட்ச் பிடித்தால் மாறுகிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. "வால்வு பக்கத்துச் சத்தம் கிராங்க் வேகத்தில் பாதி வேகத்தில் அடிக்கும், எண்ணிப் பார்" என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்கில் வெடிப்பும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். பிஸ்டன் தட்டுவதும் பெரும்பாலும் அதே தாளத்தில்தான் வரும். அதனால் எண்ணிக்கையை நம்பாமல் சூட்டையும் சுமையையும் வைத்துப் பிரிப்பதே எனக்குப் பிடித்த வழி.

முதலில் இன்ஜினே இல்லாத சத்தங்களைக் கழித்துவிடுங்கள். மட்கார்டு தாங்கி, நம்பர் பிளேட், டூல் பாக்ஸ் மூடி, செயின் கார்டு, சைலன்சருக்குள் வெல்டு விட்டுப்போன தகடு, ஹெட்டை ஃபிரேமோடு பிடிக்கும் பட்டை, இன்ஜின் மவுண்டிங் போல்ட் எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டு ஒரு சுற்று பாருங்கள். அப்புறம் வண்டியை ஓடவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு தகடாக அழுத்திப் பிடியுங்கள். அழுத்தும்போது சத்தம் நின்றால் அதுதான் ஆள். ஐடில் வேகத்தையும் கவனியுங்கள். பழைய சிங்கிளை மிகக் குறைந்த ஐடிலில் "தக்... தக்..." என்று ஓடவிடுவதில் பலருக்கு ஆசை. அந்த வேகத்தில் ஆயில் ஓட்டமும் குறைவு, எல்லா கியரும் செயினும் தங்கள் இடைவெளிக்குள் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். கொஞ்சம் ஏற்றி, ஒரே சீராக ஓடும் அளவில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

இனி உங்கள் முதல் சத்தம். குளிரில் டிக் டிக், சூட்டில் இல்லை. எல்லோரும் டேப்பெட்டை, அதாவது வால்வைத் திறக்கும் பாகங்களின் இடைவெளியைச் சொல்வார்கள். நான் முதலில் சந்தேகப்படுவது எக்ஸாஸ்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தை. அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு வெடிப்புக்கும் புகை பீய்ச்சும். அந்தச் சத்தம் அச்சு அசலாக டேப்பெட் மாதிரியே இருக்கும். சூடேறி உலோகம் விரிந்ததும் இடைவெளி அடைந்து சத்தம் நின்றுவிடும். இணைப்பைச் சுற்றிக் கருப்பாகக் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். ஒரு முழ நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை அந்த இணைப்பைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் "புஸ் புஸ்" என்று தனியாகக் கேட்கும். காற்றோட்டமான இடத்தில், பைப் சூடேறுவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது.

அங்கே ஒன்றுமில்லை என்றால் டேப்பெட். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டன் நிற்க, உங்கள் பைக்குக்கு உரிய கையேடு சொல்லும் இடைவெளியை வையுங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரியாகச் செய்தும் சத்தம் குறையவில்லை என்றால், ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) வால்வைத் தொடும் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பல வருடம் ஓடியதில் அங்கே நடுவில் சிறு குழி விழுந்திருக்கும். கேஜின் தட்டையான தகடு அந்தக் குழியின் இரண்டு விளிம்பிலும் உட்கார்ந்துகொள்ளும். வால்வு முனையோ குழிக்குள் போய் உட்காரும். கேஜ் 0.10 மி.மீ. என்று சொல்லும்போது உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். ராக்கர் முனையைத் தேய்த்துச் சீர்படுத்தாமல் எத்தனை முறை அட்ஜஸ்ட் செய்தாலும் சத்தம் போகாது. சத்தம் போக வேண்டும் என்று இடைவெளியை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். வால்வு முழுதாக மூடாமல் நின்றால் சூடு சீட்டுக்கு இறங்க வழியில்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போகும். லேசாக டிக் டிக் என்று கேட்கும் டேப்பெட் ஆரோக்கியமான டேப்பெட்.

மூன்றாவது சாத்தியம் பிஸ்டன் தட்டுவது. அது டிக் டிக் என்று இருக்காது, கொஞ்சம் மந்தமாக, மரத்தில் தட்டுவது போல இருக்கும். அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்பு பேரலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் குளிரில் ஆடும் பிஸ்டன் சூட்டில் நிறைந்து உட்கார்ந்துவிடும். சில நிமிடங்களில் நிற்கிறது, ஆயில் குடிக்கவில்லை, புகை இல்லை என்றால் அப்படியே ஓட்டலாம். அடுத்த ரீபோர் (பேரலைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது) வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கிளட்ச் பக்கத்து லொடலொட. நியூட்ரலில் ஓடவிட்டு கிளட்ச்சைப் பிடியுங்கள். சத்தம் அறவே நின்றால் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டோ பேரிங்கோ பேசுகிறது, ஏனென்றால் கிளட்ச் பிடித்தால் அது சுற்றுவது நின்றுவிடும். பிடித்ததும் சத்தம் கூடினால் கிளட்ச் பாஸ்கெட்டும் (பிளேட்டுகளைத் தாங்கும் கூடை) பிளேட்டின் காதுகளும் தேய்ந்திருக்கின்றன. எந்த மாற்றமும் இல்லையா? பிரைமரி செயினை, அதாவது கிராங்க்கிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் செயினைப் பாருங்கள். அது கிளட்ச் பிடித்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஒற்றை சிலிண்டரில் கிராங்க் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை, வெடிக்கும்போது துள்ளும், அமுக்கும்போது தயங்கும். ஐடிலில் இந்தத் துள்ளல்தான் தளர்ந்த செயினை இரண்டு பக்கமும் அடிக்க வைக்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாகத் திருப்பியதும் சத்தம் அடங்கினால் சந்தேகம் உறுதி. கவரைத் திறந்தால் உள்பக்கம் செயின் உரசிய இடம் பளபளவென்று ஒரு கோடாகத் தெரியும்.

செயினின் தொய்வை ஒரே இடத்தில் அளக்காதீர்கள். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, நாலைந்து இடத்தில் அளந்து, எங்கே மிக இறுக்கமோ அங்கேதான் கையேட்டின் அளவை வைக்க வேண்டும். இறுக்கமான இடத்துக்கும் தளர்ந்த இடத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் செயினையே மாற்றுங்கள். கியர்பாக்ஸை நகர்த்தி பிரைமரி செயினை இறுக்கும் வகை பைக் என்றால், பின்செயினையும் உடனே சரிபார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் மாறும்.

அந்தக் கவர் திறந்திருக்கும்போதே ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கிராங்க் முனையில் இருக்கும் இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டின் நட் இறுக்கமாக இருக்கிறதா? ஆல்டர்னேட்டர் ரோட்டார் அங்கே இருந்தால் அது ஷாஃப்டில் கையால் அசைகிறதா? தளர்ந்த ரோட்டார் எழுப்பும் சத்தம் கனமான "டொக் டொக்". பிக் எண்டைப் போலவே கேட்கும். இந்த ஒரு நட்டுக்காகப் பிரிக்கப்பட்ட நல்ல இன்ஜின்கள் உண்டு. பிரிக்கச் சொன்னவர்கள் இதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மூன்றாவது சத்தம்தான் எனக்குக் கவலை தருகிறது. டாப் கியரில், குறைந்த வேகத்தில், மேடு ஏறும்போது சில்லறையைக் குலுக்குவது போல ஒரு சலசலப்பு. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டாலோ, ஒரு கியர் குறைத்தாலோ அந்த நொடியே நிற்கிறதா? அப்படியானால் அது தேய்மானச் சத்தமே இல்லை, பெட்ரோல் கலவை எரிய வேண்டிய முறையில் எரியாமல் வெடிப்பது. நாக்கிங், பிங்கிங் என்பது இதைத்தான். காதுக்குச் சின்னதாகக் கேட்டாலும் நாளாவட்டத்தில் பிஸ்டன் தலையில் ஓட்டை போடக்கூடியது. அதைச் சரிசெய்யும் வரை மேட்டில் டாப் கியரில் இழுக்க வேண்டாம். கியரைக் குறைத்து ஏறுங்கள்.

பெரும்பாலும் காரணம் இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) முன்னதாக இருப்பது. முதலில் பாயிண்ட் (பொறியைத் தூண்டும் சுவிட்ச்) இடைவெளியை வையுங்கள், அப்புறம்தான் டைமிங். பாயிண்ட் இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங்கும் முன்னே போய்விடும். வரிசையை மாற்றிச் செய்தால் செய்த வேலை வீண். பிறகு, வேகம் கூடக் கூடப் பொறியை முன்னே கொண்டுபோகும் ஆட்டோ அட்வான்ஸ் யூனிட். அதன் கேமை விரலால் திருப்பிவிட்டு விடுங்கள். ஸ்ப்ரிங் இழுக்க, சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பாதியில் நின்றால், சோம்பலாகத் திரும்பினால், ஸ்ப்ரிங் தொய்ந்திருக்கிறது அல்லது எடைத்துண்டுகள் துருவில் சிக்கியிருக்கின்றன. அந்த இன்ஜின் எப்போதும் வேகத்தில் ஓடுவதற்கான டைமிங்கிலேயே நிற்கும். மேட்டில் சலசலக்காமல் என்ன செய்யும்? கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, தொய்ந்திருந்தால் ஸ்ப்ரிங்கை ஜோடியாக மாற்றுங்கள்.

டைமிங் சரியாக இருந்தும் சலசலத்தால் கலவையில் பெட்ரோல் குறைவா என்று பாருங்கள். கார்பரேட்டர் ஃபிளாஞ்சை (இன்ஜினோடு சேரும் தட்டையான முகம்) அதிகமாக முறுக்கி முறுக்கி வளைத்திருப்பார்கள். ஒரு நேரான இரும்பு ஸ்கேலை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். அந்த வழியாகக் காற்று புகுந்து கலவை மெலிகிறது. ஓடும் இன்ஜின் மேல் பெட்ரோலைத் தெளித்து இதைச் சோதிப்பவர்கள் உண்டு, தீப்பிடிக்கும், செய்யாதீர்கள். ஹெட்டில் கனமாகப் படிந்த கார்பனும் சலசலப்புக்கு ஒரு காரணம்தான். அதற்கு ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும்.

சரி, பிக் எண்டுக்கு வருவோம். அது உண்மையிலேயே போயிருந்தால் சத்தம் குளிரில் அதிகமாகி சூட்டில் மறையாது. ஆயில் சூடேறி மெலியும்போது கூடும். சுமை ஏற்றும்போதும், ஆக்சிலரேட்டரைத் திருப்பி விடும் அந்த மாற்றத்திலும் ஆழமாக "டொக்" என்று இடிக்கும்; காதுக்குக் கேட்பதோடு கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட்டிலும் உணரலாம். உங்கள் விவரிப்பில் இது எதுவுமே இல்லை.

ஆனாலும் சந்தேகம் வேண்டாம், சோதித்துவிடுங்கள். ஆயிலை இறக்கி, ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். மேகம் போல மெல்லிய சாம்பல் பூச்சு பழைய இன்ஜினில் இருக்கும். விரலில் தட்டுப்படும் செதில்கள் இருக்கக் கூடாது. இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் எஃகு, அது பேரிங்கோ கியரோ. ஒட்டாமல் வெள்ளையாக இருந்தால் பிஸ்டன் அலுமினியம். பொன்னிறமாக இருந்தால் புஷ், அதாவது வெண்கல வளையம். வண்டி ஓடும்போது ஆயில் டேங்க் மூடியைத் திறந்து ரிட்டர்ன் குழாயில் ஆயில் விட்டுவிட்டு வந்து விழுகிறதா என்றும் பாருங்கள். வரவில்லை என்றால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறக்குறைய பாதி வழி இறங்கிய நிலையில், பிளக் துளை வழியாக ஒரு மெல்லிய மரக்குச்சியை பிஸ்டன் தலையில் ஊன்றி இன்னொருவர் அழுத்தாமல் லேசாகத் தொட்டுப் பிடிக்கட்டும். நீங்கள் கிராங்க் ஸ்ப்ராக்கெட் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் லேசாக அசையுங்கள். ஸ்பேனர் அசைந்த உடனே குச்சியும் அசைய வேண்டும். ஸ்பேனர் நகர்ந்து, குச்சி சற்றுத் தாமதித்து, "டொக்" என்று கைக்குத் தெரிந்து பிறகு எழுந்தால் பிக் எண்டிலோ கட்ஜன் பின்னிலோ (பிஸ்டனை ராடோடு கோக்கும் பின்) ஆட்டம் இருக்கிறது. அப்போது ஹெட்டையும் பேரலையும் மட்டும் இறக்கி, கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். மேலும் கீழும் ஆட்டம் அறவே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சாய்வது வேறு விஷயம். ரோலர் பிக் எண்டில் அது வேண்டும் என்றே விடப்பட்ட இடைவெளி. அந்தப் பக்க ஆட்டத்தைக் காட்டி "பாருங்க, ஆடுது" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மேலும் கீழும் ஆடினால் மட்டும் கிராங்க்கேஸைப் பிரியுங்கள். அப்படிப் பிரித்தால் ஃபிளைவீலுக்குள் இருக்கும் ஆயில் வழிகளையும், சேறு தங்கும் துளையையும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஆயில் பம்பையும் சோதித்த பிறகே புதிய பேரிங்கைப் போடச் சொல்லுங்கள். பழைய பேரிங்கைத் தின்ற அழுக்கு அங்கேயே இருந்தால் புதியதையும் தின்றுவிடும்.