மேற்கோள் எண்ணிக்கையை வைத்து கைடைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: என் மகள் மூளை நரம்பியலில் பி.எச்டி. சேரப் போகிறாள். இரண்டு பேராசிரியர்கள் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவருக்கு எச்-இன்டெக்ஸ் 60-க்கு மேல், இன்னொருவருக்கு 19. பெரிய எண் உள்ளவரிடமே சேரச் சொல்கிறோம், அவள் தயங்குகிறாள். இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அவள் தயங்குவது நியாயம்தான் அம்மா. முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் சொன்ன கணக்கு அது. ஒருவர் 5 பேப்பர் எழுதியிருக்கிறார், மற்றவர்கள் அவற்றை முறையே 90, 40, 6, 4, 1 தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 4 தடவையாவது எடுத்தாளப்பட்ட பேப்பர்கள் 4 இருக்கின்றன, ஆகவே எச்-இன்டெக்ஸ் 4. அந்த 90 நாளைக்கு 9,000 ஆனாலும் எண் 4-ஐ விட்டு நகராது!

நினைவாற்றலை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளரை எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு நோய்க்காக 1953-ல் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார்கள், அதன் பிறகு புதிதாக எதுவுமே அவர் நினைவில் தங்கவில்லை. மில்னர் கனடாவின் மாண்ட்ரியாலிலிருந்து போய் அவரைச் சோதித்தார். ஒரு நட்சத்திரப் படம், இரட்டைக் கோட்டில். கையை நேரே பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்துக்கொண்டே இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும் (நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள், மூலை வரும்போது கை எதிர்ப்பக்கம் இழுக்கும்). மூன்று நாளில் மோலைசனின் கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் மூன்றாம் நாளும் அவருக்கு, இதை நான் முன்பு செய்ததே இல்லை என்ற நினைப்புதான். கைப்பழக்கம் மூளையில் வேறொரு இடத்தில் சேர்கிறது என்று புரிந்தது இப்படித்தான். அறுவை செய்த ஸ்கோவில் என்ற மருத்துவரும் மில்னரும் 1957-ல் மோலைசனைப் பற்றி எழுதிய கட்டுரை 11 பக்கம்தான், நரம்பியலில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. ஆயிரக்கணக்கான மேற்கோள் விழுந்த அந்தக் கட்டுரையும் மில்னரின் எச்-இன்டெக்ஸில் ஒரே ஒரு கட்டுரைதான்.

மறுபக்கம் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் மூளை ஆய்வாளர் கார்ல் ஃபிரிஸ்டன். அவர் எச்-இன்டெக்ஸ் 200-ஐத் தாண்டியது. மூளை ஸ்கேன்களை ஒப்பிட எஸ்.பி.எம். என்ற மென்பொருளை உருவாக்கி இலவசமாகவே கொடுத்தார், அதைப் பயன்படுத்துகிறவர்கள் அந்த முறையை விளக்கும் கட்டுரைகளைக் குறிப்பிடுகிறார்கள். பெரிய சாதனைதான், ஆனால் மில்னர் செய்தது வேறு வகை வேலை. உலகிலேயே அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரையும் ஒரு செய்முறைதான், புரதத்தை அளக்க ஆலிவர் லௌரி 1951-ல் எழுதியது, 3 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கிறது.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். எச்-இன்டெக்ஸ் வயதோடு ஏறும், இறங்கவே இறங்காது. அந்த 60 முப்பது வருட உழைப்பாக இருக்கலாம், 19 எட்டே வருடத்தில் வந்ததாகவும் இருக்கலாம், அதனால் இருவரின் கடைசி ஐந்து வருட பேப்பர்களை மட்டும் எடுத்து உட்காரச் சொல்லுங்கள். இந்தத் துறையில் வேலையைச் செய்த மாணவர் பெயர் பெரும்பாலும் முதலில் வரும், லேப் தலைவர் பெயர் கடைசியில். மாணவர்களின் பெயர் முதலில் வந்த பேப்பர்கள் எத்தனை, அந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். அப்புறம் அவர்களில் இரண்டு பேருக்காவது போன் போட்டு, கைடு உட்கார்ந்து பேசுவாரா, டிராஃப்டைத் திருத்தித் தர எத்தனை நாள் ஆகும் என்று கேட்கட்டும். என்னைக் கேட்டால் அந்த போனில் கிடைக்கும் பதிலைத்தான் நம்புவேன்.

கேள்வி: ஆயிரம் பேர் மேற்கோள் காட்டிய ஆய்வு பொய்யாக இருக்க முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: முடியும். அல்சைமர் நோய்க்கு ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் காரணம் காட்டி 2006-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையை 2,000 முறைக்கு மேல் எடுத்தாண்டார்கள். அதிலுள்ள படங்கள் திருத்தப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் 2022-ல் வெளியே வந்தது, 2024-ல் கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நடுவில் 18 வருடம் போய்விட்டது, அந்த நோயாளிகளின் குடும்பங்களை நினைத்தால் மனது வலிக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் மேற்கோள் எண்ணைத் தொட்டால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்ற பட்டியல் விரியும். அதில் நாலைந்தைத் திறந்து, அதே சோதனையை வேறு லேப் செய்து பார்த்து அதே முடிவு கிடைத்திருக்கிறதா, இல்லை முன்னுரையில் ஒரு வரியோடு நகர்ந்துவிட்டார்களா என்று பாருங்கள்.