ஆறு மாத அரிசியும் ஒரு வார வெள்ளமும்

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. அதுமுதல் என் கணவர் ஆறு மாதத்துக்கான அரிசி, பருப்பு, கேன்களில் பெட்ரோல் என வாங்கிக் குவிக்கிறார்; அடுத்து ஜெனரேட்டராம். இது முன்னெச்சரிக்கையா, வீண் பயமா?
– வாசகி, சென்னை

பதில்: பயத்தில் நியாயம் இருக்கிறது, கணக்கில்தான் பிசகு. 2015 பெருவெள்ளத்திலும் சரி, மிக்ஜாமிலும் சரி, பெரும்பாலான வீடுகள் தவித்தது சில நாட்கள்தான். அப்போதும் தட்டுப்பாடானவை குடிநீர், பால், மின்சாரம், கைபேசித் தொடர்பு ஆகியவையே. அரிசி இருந்த வீடுகளிலும், சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டதால், அரிசியைக் களைந்து உலை வைக்க நல்ல தண்ணீர் இல்லை.

எனவே முதலில் தண்ணீரைக் கணக்கிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால், நால்வர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 112 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன்கள் ஆறு போதும். அதோடு ஒரு வார மளிகை, பால் பவுடர், இரண்டு வார மருந்து, டார்ச், பவர் பேங்க், மாற்று சிலிண்டர். ஆறு மாத மூட்டைகளில் முதலில் வண்டு விழும். தப்பியதைத் தரைத்தளத்தில் வெள்ளமே நனைத்துவிடும்.

பெட்ரோல் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி, அடுத்த அறையிலுள்ள அடுப்பையோ பூஜை விளக்கையோ எட்டிவிடும். மழைக்காகச் சன்னல்களை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ ஜெனரேட்டரை ஓட்டினால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். இன்வெர்ட்டரே போதும், அதன் பேட்டரியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள்.

தண்ணீர் பிளக் பாயின்ட்டை எட்டுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும். பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். கையிலிருக்கும் பெட்ரோலை வண்டியில் ஊற்றித் தீர்த்துவிட்டு, மாடி வீட்டுக்காரர்களிடம், வெள்ளம் வந்தால் இரண்டு நாள் தங்க இடம் கொடுப்பார்களா என்று அக்டோபருக்கு முன்பே கேட்டு வையுங்கள்.