புது மின் ஸ்கூட்டர்: டிஸ்க் பிரேக் ஏன் கத்துகிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிரேக் சத்தம் பற்றித்தான். பெட்ரோல் வண்டியிலும் இந்தச் சத்தமெல்லாம் உண்டு. இன்ஜின் இரைச்சலில் காதில் விழாமல் போய்விடும்.

வண்டி எடுத்துப் பத்து நாள்தான் ஆகிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் ‘கீ...ச்’ என்று தெருவே திரும்பிப் பார்க்கிறது. ‘ஓட ஓடச் சரியாயிடும் சார்’ என்கிறார்கள் ஷோரூமில். நம்பலாமா? (சேலம்)

பாதி நம்பலாம். புது பேடும் (லீவரை அழுத்தினால் டிஸ்க்கைக் கவ்வும் கட்டை) புது டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு) உரசிப் பழக வேண்டும். பேடின் பொருள் டிஸ்க் மீது மெல்லிய படலமாகச் சீராகப் படிய வேண்டும். பெட்ரோல் வண்டியில் இது தானாக நடந்துவிடும். உங்கள் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை விட்டதுமே ரீஜென் (மோட்டாரே பிரேக்காகி, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பும் ஏற்பாடு) வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேடுக்கு வேலை குறைவு. ‘ஓட ஓட’ என்பது மாதக்கணக்கில் இழுக்கும்.

அதனால் நீங்களே பழக்கிவிடுங்கள். ரீஜென்னைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்துக்கொண்டு, ஆளில்லாத காய்ந்த சாலையில் 40 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாக லீவரை அழுத்திக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். இப்படி ஒரு 20 தடவை. நடுநடுவே கொஞ்ச தூரம் சும்மா ஓட்டி டிஸ்க்கை ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

அப்படியும் கத்தினால் எனக்கு எண்ணெய் மீதுதான் சந்தேகம். டெலிவரி அன்று டயர் பளபளக்க ஸ்ப்ரே அடித்தார்களா, நினைவிருக்கிறதா? டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். பேட் எண்ணெயை உறிஞ்சியிருந்தால் உப்புத்தாள் தேய்ப்பதெல்லாம் நாலு நாள் கதை, மாற்றத்தான் வேண்டும். கீச்சொலி போக டிஸ்க்கில் எண்ணெய் விடுகிற கைவைத்தியம் ஒன்று இன்னமும் இருக்கிறது. சத்தம் நிற்கும், வண்டி நிற்காது.

பிரேக் பிடிக்காமலே ‘சர்க்... சர்க்’ என்று சக்கரம் சுற்றும் ஒவ்வொரு தடவையும் உரசுகிறது. போன வாரம்வரை இல்லை. (திருப்பூர்)

டிஸ்க் லாக் மாட்டியிருப்பதை மறந்து வண்டியை நகர்த்தினீர்களா? சுற்றுக்கு ஒரு தடவை உரசினால் டிஸ்க் வளைந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சாவியை எடுத்துவிட்டு, மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின்பக்கத்தை ஒருவரை அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பேனா முனையை டிஸ்க் ஓரமாக அசையாமல் பிடித்தால், இடைவெளி கூடிக் குறைவது தெரியும். பல வண்டிகளுக்கு 0.3 மி.மீ. ஆட்டம்தான் எல்லை. சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இடைவிடாமல் ‘ஸ்ஸ்’ என்று லேசாக உரசுவது வேறு. பேடைப் பின்னால் இழுக்க டிஸ்க் பிரேக்கில் ஸ்பிரிங் கிடையாது; பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் முறுக்கு விட்டுத் திரும்பும்போது நூலிழை இடைவெளி விழும், அவ்வளவே. சக்கரம் தாராளமாகச் சுற்றினால் கவலை இல்லை. இறுகிச் சுற்றினால், பேடைத் தாங்கும் காலிப்பர் நகர்வதற்கான பின் (pin) காய்ந்துபோயிருக்கலாம், பிஸ்டன் சிக்கியிருக்கலாம், சர்வீஸில் காட்டுங்கள்.

காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் கரகரப்பு. (நாகப்பட்டினம்)

கடல் காற்று, இரவு ஈரம், டிஸ்க்கில் லேசான துரு. பேடே துடைத்துவிடும். நாள் முழுக்கக் கரகரத்தால் மட்டும் ஓட்டாதீர்கள். கல் மாட்டியிருக்கலாம், பேட் தேய்ந்து இரும்பில் இரும்பு உரசலாம்.

வேகம் குறையும்போது ‘ங்ஙொய்’ என்று ஒரு சத்தம். பேட் மாற்றியும் போகவில்லை. (கோவை)

லீவரைத் தொடுவதற்கு முன்பே, ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் வருகிறதா? அப்படியானால் அது பிரேக்கே இல்லை, மோட்டார் பாடும் ரீஜென் ராகம். 100 சதவீதம் சார்ஜ் ஏற்றி உடனே ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். பேட்டரி நிறைந்திருக்கும்போது பல வண்டிகளில் ரீஜென் வேலை செய்யாது, அல்லது வெகுவாகக் குறையும். அப்போது சத்தமும் அடங்கினால் விஷயம் உறுதி. கழற்றிய பழைய பேடைத் தூக்கி எறிந்துவிடவில்லையே?