தலை ஒருவர், கை இன்னொருவர்

அன்புள்ள அண்ணா,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். என் பையனுக்கு ஆறு வயது. போனில் மப்பெட் ஷோ என்ற பழைய ஆங்கில டிவி பொம்மை நிகழ்ச்சியின் துணுக்குகளைப் பார்க்கிறான். அதில் வரும் ஸ்வீடன் சமையல்காரப் பொம்மை என்றால் அவனுக்கு உயிர். அது பேசுவது ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அவனும் என் அம்மாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். நானும்தான். கூட வேலை பார்க்கும் ஒருவர், "அது ஒரு நாட்டுக்காரங்க பேச்சைக் கிண்டல் பண்றது, பிள்ளைக்குக் காட்டாதே" என்றார். எனக்குச் சட்டென்று கல்லூரி ஞாபகம் வந்துவிட்டது. முதல் வருடம் முழுக்க, "உங்க ஏரியா பாஷையில ஒண்ணு பேசிக் காட்டு" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இப்போது வீட்டில் நான் செய்வதும் அதுதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இரவே அந்தத் துணுக்குகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிலவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

முதலில் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிரிப்பில் பாதி கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் கவனியுங்கள். துணிக் கை இல்லை, உறைகூட மாட்டாத மனிதக் கை. தலையை ஆட்டி, குரல் கொடுத்தவர் அந்த நிகழ்ச்சியை உருவாக்கிய ஜிம் ஹென்சன். கை இரண்டும் அவரோடு பொம்மையாட்டிய ஃபிராங்க் ஆஸுடையவை. இரண்டு பேரும் மேஜைக்குக் கீழே ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு, ஒரு சின்னத் திரையில் தங்கள் பொம்மையைப் பார்த்துக்கொண்டே ஆட்டுவார்கள். ஆஸ் வேண்டுமென்றே எதையாவது எடுப்பார், வீசுவார். ஹென்சன் அந்த நொடியிலேயே அதற்கு ஏற்ற மாதிரி தலையைத் திருப்பி, வாயில் வந்ததைப் பேசிச் சமாளிக்க வேண்டும். நிறுத்திப் பார்த்தால் தெரியும்: கை கரண்டியைத் தூக்கிய பிறகுதான் தலை அந்தப் பக்கம் திரும்புகிறது. தன் கை செய்த காரியத்தைத் தானே ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, எல்லாம் முன்பே திட்டமிட்டதுதான் என்பது போல அந்தச் சமையல்காரன் பேச்சைத் தொடர்கிறான். உங்கள் பையன் சிரிப்பது அந்த அரை நொடிக்குத்தான் என்று நினைக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஸ்வீடன் எங்கே தெரியப்போகிறது? சொன்ன பேச்சைக் கேட்காத கை என்றால் என்னவென்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

சரி, பேச்சுக்கு வருவோம். அது ஸ்வீடன் மொழி இல்லை. எந்த மொழியும் இல்லை. ஹென்சன் காரில் வேலைக்குப் போகும்போது, கோழி சாண்ட்விச் எப்படிச் செய்வது என்பதை இல்லாத ஒரு மொழியில் பேசிப் பேசிப் பழகுவார் என்று அவருடைய மகன் பிரையன் சொல்லியிருக்கிறார். நடுநடுவே ஒன்றிரண்டு ஆங்கிலச் சொற்கள் எட்டிப் பார்க்கும், என்ன சமைக்கிறான் என்று நமக்குத் தெரிய வேண்டுமே. கேட்ட ஸ்வீடன்காரர்கள் பலர், "இது எங்கள் பேச்சு மாதிரி இல்லை, நார்வேக்காரர் இழுத்துப் பேசுவது மாதிரி இருக்கிறது" என்பார்களாம். ஜெர்மன் மொழியாக்கத்தில் அவன் டென்மார்க் சமையல்காரனாகவே ஆகிவிட்டான். பெயரை மாற்றியும் அந்தப் பொம்மை அங்கே நன்றாக ஓடியது.

இதை வைத்து, "அப்போ யாரையும் கிண்டல் பண்ணவில்லை" என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. பெயர் என்னவோ ஒரு நாட்டின் பெயர்தான். உங்களுக்கு உறுத்தியது நியாயம். நானும் உங்களைப் போல வடசென்னைதான், வியாசர்பாடியில் வளர்ந்தவன்.

1990களில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போயிருந்தேன். எதிரே இரண்டு பேர். "எப்படி வந்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். "ஃபிரண்டு வண்டில இட்டுனு வந்தான் சார்" என்றேன். என் வாயிலிருந்து அது தானாக வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பேனாவை மூடி, சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்ட கேள்வி எதுவும் எனக்கு நினைவில்லை. அந்தப் பேனா மூடி "டிக்" என்று விழுந்த சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. வேலை கிடைக்கவில்லை.

அவர்களுக்கு என் மெட்ராஸ் பாஷை எங்கிருந்து பழக்கம்? சினிமாவிலிருந்துதான். அங்கே அந்தப் பேச்சைப் பேசினவர்கள் யார்? ரிக்‌ஷா இழுப்பவர், பிக்பாக்கெட், அடியாள். சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர். ஆனால் நம் பேச்சை அவ்வளவு அழகாகப் பிடித்துக்கொண்டார். லூஸ் மோகன் வாயில் அது பாட்டு மாதிரி ஓடும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பிரியம்தான் அதிகம். கோபமெல்லாம் அந்தப் பேச்சுக்கு ஒரு டாக்டரோ ஒரு டீச்சரோ கிடைக்கவே இல்லையே என்றுதான். கஸ்மாலம் சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல், கீதையில்கூட இருக்கிறது. பேஜார் உருது வழியாக வந்தது. நைனா தெலுங்கு. துறைமுகத்துக்கும் மில்லுக்கும் ரயில்வேக்கும் வேலை தேடி வந்த அத்தனை பேரும் கொண்டுவந்து கொட்டிய சொத்து அது. அதைப் பேசுகிறவன் திரையில் வந்தால் மட்டும் எப்போதும் யாராவது ஒரு படித்தவர் எதிரே நின்று முகத்தைச் சுளிப்பார். நம்மைச் சிரிக்கவைத்தது பாதி அந்தச் சுளிப்புதான்.

அந்தச் சமையல்காரனுக்கு எதிரே அப்படி யாரும் நிற்பதில்லை. நான் பார்த்த ஒரு துணுக்கிலும் அவனைத் திருத்த ஆள் வரவில்லை. "ஒழுங்காகப் பேசு" என்று சொல்ல ஆளில்லை. டோனட்டுக்கு ஓட்டை போட வேண்டும் என்றால் கேக்கை மேலே தூக்கிப் போட்டுத் துப்பாக்கியால் சுடுகிறான். கொதிக்கும் சட்டிக்குப் போக வேண்டிய சிங்கி இறாலைக் காப்பாற்ற அதன் கூட்டாளிகள் துப்பாக்கியோடு வந்து நிற்கின்றன. வேலை கெட்டுப்போகிறது. பேச்சுக்காக மட்டும் அவன் ஒரு இடத்திலும் தலைகுனிவதில்லை. அடுத்த வாரம் அதே பாட்டோடு, கரண்டியை முதுகுக்குப் பின்னால் வீசிக்கொண்டு வந்துவிடுவான். 1976 முதல் 1981 வரை 120 பகுதிகளாக ஓடிய நிகழ்ச்சி அது. அப்புறம், அந்தப் பொம்மையைப் பார்த்ததால் எந்த ஸ்வீடன்காரருக்கும் எதிரே இருந்தவர் பேனாவை மூடியிருக்க மாட்டார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

உங்கள் கல்லூரியில் நடந்தது வேறு. உங்களைப் பேசச் சொன்னார்கள், நீங்கள் சொல்ல வந்த சேதியை ஒருவரும் கேட்கவில்லை. அப்போது நீங்களும் சேர்ந்து சிரித்ததற்காக இன்று வருத்தப்படாதீர்கள். பதினெட்டு வயதில் வேறு என்ன செய்திருக்க முடியும்?

பையன் தாராளமாகப் பார்க்கட்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து "இன்னா பாட்டி" என்றால், "என்ன பாட்டின்னு சொல்லு" என்று திருத்தாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். அம்மாவை மேஜைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்காரவையுங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளட்டும். பையன் அவருக்குப் பின்னால் நின்று, அக்குள் வழியாகத் தன் கையை முன்னால் நீட்டட்டும். மேலே ஒரு துண்டைப் போர்த்திவிடுங்கள். மேஜையில் கத்தி வேண்டாம். புளி, தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, ஒரு சட்டி, கொஞ்சம் மத்தி. புளியை ஒழுங்காகக் கரைக்கிறதா அந்தக் கை என்று அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். குழம்பு எப்படி வைப்பது என்பதை அம்மா அவர் பேச்சிலேயே, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொல்லட்டும். நீங்கள் எதிரே உட்கார்ந்து கேளுங்கள்.

அன்புடன்.